விற்ற பிறகு: டெரகோட்டா நகையும் கையோவியப் புடவையும் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்ணைப் பிசைவது, சுடுவது, நிறம் தீட்டுவது பற்றியெல்லாம் சொல்லித் தர இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்சல் கிளம்பிய பிறகு வரும் சந்தேகங்களுக்குத்தான் பதில் கிடைப்பதில்லை. உடைந்தது, உரிந்தது, தொலைந்தது, யாரோ காப்பி அடித்தது, யாரோ பெயரை எடுத்தது என்று எங்களிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். சட்டம் பற்றிய பதில்கள் இந்தியச் சட்டப்படி. பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் வழக்கறிஞரிடம் தாள்களைக் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

1. வித்து காசு வாங்கிட்டேன். அதுக்கப்புறம் அந்த நகைமேல எனக்கு ஏதாவது பாத்தியதை இருக்கா?

நகையின் மேல் இல்லை. வாங்கியவர் அதைப் போடலாம், பெட்டியில் பூட்டி வைக்கலாம், தங்கைக்குக் கொடுக்கலாம், விற்கலாம். உங்களைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் மண்ணும் நிறமுமாகக் கையில் இருக்கும் பொருள் வேறு, அதில் நீங்கள் கொண்டுவந்த வடிவமும் ஓவியமும் வேறு. கைமாறியது பொருள் மட்டும்தான். வடிவத்தின் பதிப்புரிமை உங்களிடமே நிற்கும். அதையும் சேர்த்துக் கொடுப்பதென்றால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாய்ப்பேச்சில் போகாது. ஆர்டர் வாங்கி வரைந்த ஓவியத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை 14ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னும் இரண்டு உரிமைகளைத் தருகிறது. "இதைச் செய்தது நான்" என்று சொல்லும் உரிமை ஒன்று. உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை மற்றொன்று. பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும் இவை இரண்டும் உங்களை விட்டுப் போவதில்லை.

2. நகையோட சேர்த்து என்ன குடுத்து அனுப்பணும்? ஒரு தேங்க்யூ கார்டு போதாதா?

போதாது. பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாதி, கார்டில் நான்கு வரி எழுதாததால் வருவது. ஒரு விசிட்டிங் கார்டு அளவு போதும். முன்பக்கம் உங்கள் பெயர், நகையின் எண், மாதம், வருடம். பின்பக்கம் என்ன பொருள் (சுட்ட களிமண், அக்ரிலிக் நிறம், வார்னிஷ், கொக்கியின் உலோகம்), ஒரு காதுக்கு எத்தனை கிராம், எப்படிப் பராமரிப்பது, எதற்கு இலவசப் பழுது, எதற்குக் கட்டணம்.

பராமரிப்பைப் பொதுவாக "கவனமாகக் கையாளவும்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "சென்ட் அடித்து அது நன்றாகக் காய்ந்த பிறகு நகை போடவும். கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கவும். தண்ணீரில் கழுவ வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மல் துணியில் சுற்றி வைக்கவும், பிளாஸ்டிக் கவரில் அழுத்தி வைக்க வேண்டாம்." கடைசி வரிக்குக் காரணம் இருக்கிறது. அக்ரிலிக் நிறம் வெயில் சூட்டில் இளகும். மே மாதத்தில் பீரோவுக்குள் இரண்டு ஜிமிக்கிகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஏறியிருக்கும்.

3. வித்ததுக்கெல்லாம் கணக்கு எழுதி வைக்கணும்னு சொல்றாங்களே, என்னென்ன எழுதணும்?

விலையும் தேதியும் எழுதுவது வருமானக் கணக்கு. இங்கே சொல்வது வேறு பதிவேடு. நகை திரும்பி வரும் நாளில் அதே மாதிரி இன்னொன்று செய்யவோ சரிசெய்யவோ உங்களுக்கு உதவப்போவது இதுதான். ஒவ்வொரு நகைக்கும் எழுத வேண்டியவை: எந்தத் தவணை மண் (ஒரு தடவை சேர்த்துப் பிசைந்து சுடும் தொகுதி ஒரு தவணை), ஈர நிலையில் அளவு மில்லிமீட்டரில், சுட்ட பின் அளவு, எந்த அச்சு அல்லது கட்டர், நிறங்களின் கம்பெனியும் எண்ணும் கலந்த விகிதமும், வார்னிஷ் எது, கொக்கி எது. முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு படம்.

ஈர அளவு ஏன் முக்கியம் என்றால், மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். உங்கள் மண் எவ்வளவு சுருங்குகிறது என்று கண்டுபிடிக்க, ஈரத் தகட்டில் 100 மி.மீ. கோடு கீறிச் சுட்டுப் பாருங்கள். 92 மி.மீ. ஆகியிருந்தால் 8 சதவீதம். அந்த மண்ணில் 30 மி.மீ. வட்டம் வேண்டுமென்றால் ஈரத்தில் 32.6 மி.மீ. வெட்ட வேண்டும். மண் தவணை மாறினால் இந்த எண்ணும் மாறும். ஆகவே ஒவ்வொரு தவணையிலும் இந்தத் தகட்டைச் சுட்டு, பின்னால் எண் எழுதி வையுங்கள். மீந்த மணிகளில் நான்கைந்தையாவது ஒரு சிறு கவரில் போட்டு அதே எண் ஒட்டி வைத்தால், அறுந்து வரும் மாலைக்கு மணி தேட வேண்டியிருக்காது.

4. ஒரு கம்மல் தொலைஞ்சுபோச்சாம். ஒண்ணு மட்டும் செஞ்சு குடுன்னு கேக்குறாங்க. முடியுமா?

முடியும், ஆனால் அவர்கள் கையில் இருக்கும் ஒற்றைக் கம்மல் உங்களிடம் வந்தால்தான். படத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். போன் கேமரா நிறத்தை மாற்றிக் காட்டும். போட்டுப் போட்டு அந்தக் கம்மலின் பளபளப்பும் கொஞ்சம் மங்கியிருக்கும். புதிதாகச் செய்வது அதன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பதிவேட்டில் உள்ள ஈர அளவை எடுத்து, இப்போது இருக்கும் மண்ணின் சுருக்கத்துக்கு ஏற்றபடி திருத்தி, மூன்று செய்யுங்கள். சுட்ட பிறகு மூன்றில் எது பொருந்துகிறதோ அதற்கு நிறம் போடுங்கள். பிறகு பழையதற்கும் புதியதற்கும் சேர்த்து ஒரே நாளில் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தால் பளபளப்பு சமமாகும். மூன்று செய்து ஒன்றைக் கொடுப்பதால் இதன் வேலை ஜோடியின் வேலைக்குக் குறைவே இல்லை. "ஒண்ணுதானே, பாதி விலை" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜோடி விலையில் முக்கால் பங்கு கேட்பது நியாயம் என்பது எங்கள் கருத்து. பதிவேடு இல்லாத பழைய நகையாக இருந்தால், புது ஜோடியைக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

5. ஆறு மாசத்துலயே பெயிண்ட் உரியுதுன்னு படம் அனுப்புறாங்க. யார் தப்பு?

உரிந்த இடம் எது என்று பாருங்கள், பாதி பதில் கிடைத்துவிடும். கழுத்தை ஒட்டிய பின்பக்கத்திலும் கொக்கித் துளையைச் சுற்றியும் செதிலாக எழும்பியிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் நிறமும் வார்னிஷும் இல்லாமல் விட்டிருந்தால் வியர்வை அந்த வழியாக ஏறி முன்பக்க நிறத்தை உள்ளிருந்து தள்ளும். இது நம் தப்பு. பின்பக்கத்துக்கும் துளைக்குள்ளும் வார்னிஷ் போக வேண்டும்.

உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது உப்பு. உப்புத்தன்மையுள்ள போர்த் தண்ணீரில் மண் பிசைந்தால் இது வரும். வடிகட்டிய குடிநீரில் பிசையுங்கள். இதுவும் நம் தப்புதான். நிறம் பிசுபிசுவென்று இளகி, தொட்டால் கைரேகை பதிந்தால் அது சென்டில் உள்ள ஆல்கஹால், அல்லது நகப்பூச்சு அழிக்கும் திரவம் பட்டது. இது உபயோகத்தில் வந்த சேதம். கழுத்துக்குப் போட்ட எண்ணெயும் பவுடரும் சேர்ந்து அழுக்காகப் படிந்ததைச் சிலர் உரிந்தது என்று நினைப்பார்கள். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

திரும்ப நிறம் போட: எழும்பிய செதிலை மரப் பல்குச்சியால் நெம்பி எடுத்து, 400 நம்பர் உப்புத்தாளால் ஓரத்தைச் சமப்படுத்தி, தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். ஈரம் ஏறியிருந்த நகையை ஒரு வாரம் காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். முதல் பூச்சு நீர்த்ததாக இருந்தால்தான் மண்ணின் துளைகளுக்குள் பிடிக்கும். இரண்டாவது கெட்டியாகப் போடலாம். ஒரு நாள் விட்டு வார்னிஷ்.

6. கீழே விழுந்து ரெண்டா உடைஞ்சுபோச்சு. ஒட்டிக் குடுத்தா நிக்குமா?

துண்டுகள் எல்லாம் இருந்தால் நிற்கும். உடைந்ததும் வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "நீங்களே எதையும் ஒட்டாதீர்கள், பொடித் துண்டு உட்பட எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அனுப்புங்கள்." வீட்டில் கிடைக்கும் உடனடிப் பசையைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அது தண்ணீர் மாதிரி இருப்பதால் சுட்ட மண் அதைக் குடித்துவிடும். இணைப்பில் பசை நிற்காது. சுற்றியுள்ள நிறத்தின் மேல் வெள்ளைப் படலம் வேறு பூக்கும். ஒருமுறை அப்படி ஒட்டிவிட்டால் அந்த முகத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு துண்டுகள் சரியாகப் பொருந்தவே பொருந்தாது.

இரண்டு குழாயாக வரும் எபாக்சி பசையில், ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட மெதுவாக இறுகும் வகை பலமானது. பசையில்லாமல் முதலில் பொருத்திப் பாருங்கள். இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்து ஒரு நிமிடம் கலக்குங்கள். ஒரு முகத்தில் மட்டும், ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே நிற்கும்படி மெல்லியதாகத் தடவி அழுத்துங்கள். பிதுங்கியதை உலர்ந்த பஞ்சுக் குச்சியால் எடுங்கள். ஸ்பிரிட் தொட்டால் நிறமும் போகும். ஒரு கிண்ணம் மணலில், உடைந்த கோடு தரைக்கு இணையாக, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் தன் எடையால் உட்காரும்படி நட்டு 24 மணி நேரம் விடுங்கள். பள்ளமான இடத்தை எபாக்சி மக்கால் அடைத்து, உப்புத்தாள் போட்டு, நிறம் தீட்டலாம்.

கொக்கியை மாட்டும் ஐ பின் (நுனியில் வளையம் உள்ள கம்பி) பிடுங்கிக்கொண்டு வந்ததென்றால், கைத் துளைப்பானில் 1 மி.மீ. முனை போட்டு மெதுவாகத் துளைத்து, புதுப் பின்னின் அடி நுனியைச் சற்று வளைத்து எபாக்சியோடு செருகுங்கள். வளைவில்லாத நேர் கம்பி மறுபடியும் உருவிக்கொண்டு வரும்.

7. எத்தனை நாள் இலவசமா சரிசெஞ்சு தரணும்? ஆயுசுக்குமா?

ஆயுசுக்கும் என்று எழுதவே எழுதாதீர்கள். நாள் கணக்கை விடக் காரணக் கணக்குதான் நிற்கும். செய்முறைக் குறை என்றால் எத்தனை வருடம் ஆனாலும் இலவசம். விழுந்தது, நனைந்தது, சென்ட் பட்டது என்றால் முதல் நாளே ஆனாலும் கட்டணம். மாலையின் கியர் ஒயர் (மணி கோக்கும் கம்பி) அறுவது, பின்கயிறு நைவது, ஜம்ப் ரிங் (இணைப்பு வளையம்) திறப்பது போன்ற தேய்மானத்துக்கு மட்டும் ஒரு வருடம் என்று கெடு வைக்கலாம். போக வர கூரியர் செலவு யாருடையது என்பதையும் கார்டில் எழுதுங்கள்.

உடைந்த முகமே காரணத்தைச் சொல்லும். அதை நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தாலோ, ஈர விரலை வைத்துத் தேய்த்தால் சேறாக வழுக்கினாலோ சூடு போதவில்லை. விழுந்தது உண்மையாகவே இருந்தாலும் அது நம் குறைதான், மாற்றிக் கொடுங்கள். அதே தவணையில் சுட்ட மற்ற நகைகளை வாங்கியவர்களுக்கும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். பதிவேட்டில் தவணை எண் எழுதச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். முகம் கெட்டியாக, தட்டினால் மற்ற துண்டு ணங்கென்று ஒலித்தால், நகை நன்றாகச் சுட்டது, அடி பலமாக விழுந்திருக்கிறது.

8. கூரியர்லயே உடைஞ்சு போய்ச் சேர்ந்தா?

வாங்கியவர் கையில் சேரும்வரை உங்கள் பொறுப்பு. கூரியர்காரரைக் கைகாட்ட வேண்டாம். பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்வது பரவாயில்லை. ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கையை விரிப்பது சரியில்லை. ஜிமிக்கியின் குடைக்குள் பஞ்சை அடையுங்கள், விளிம்பு உடைவது பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இருப்பதால்தான். நகைப் பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடைத்து, இடுப்பு உயரத்திலிருந்து மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

9. கம்மல் போட்டதும் காது அரிக்குதாம். மண்ணாலயா?

மண்ணால் இல்லை, ஊசியில் உள்ள நிக்கலால் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கம்மலை உடனே கழற்றச் சொல்லுங்கள். ஊசியை வெள்ளியிலோ சர்ஜிக்கல் ஸ்டீலிலோ மாற்றிக் கொடுங்கள். காதில் நீர் வடிந்தால் தோல் மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும். வீட்டு வைத்தியம் சொல்லும் இடம் இதுவல்ல. அவர் பெயருக்கு நேராகப் பதிவேட்டில் "நிக்கல் ஆகாது" என்று குறித்துவிடுங்கள்.

10. கையால வரைஞ்ச புடவைய டிரை வாஷுக்குப் போட்டு, வரைஞ்சது கசங்கி வந்திருக்கு. இப்ப என்ன பண்றது?

விலை கூடின புடவை என்றாலே டிரை வாஷ் என்று பழகிவிட்டது. ஆனால் அக்ரிலிக் துணி நிறத்தைத் துணியோடு பிடித்து வைத்திருக்கும் பிசினை டிரை வாஷ் திரவம் இளக்கிவிடும். நிறம் விறைத்து வெடிக்கும், அல்லது மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். ரோலிங், பாலிஷ் என்று சூடான உருளையில் விட்டாலும் இதே கதி. ஒட்டிக்கொண்டதைப் பிரித்து இழுக்காமல் உங்களிடம் அனுப்பச் சொல்லுங்கள். வெடித்த இடத்தில் மேலே மேலே பூசினால் துணி அட்டை மாதிரி ஆகும். பழையதை நகத்தால் உதிரும் வரை உதிர்த்துவிட்டு, மீடியம் (நிறத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் திரவம்) சேர்த்த நிறத்தை மெல்லியதாக இரண்டு முறை தீட்டி, மூன்று நாள் காயவிட்டு, பின்பக்கமாக மல் துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள்.

இனி விற்கும் புடவையின் உள்முந்தியில் ஒரு சிறு துணிப் பட்டை தைத்து, அதில் "டிரை வாஷ் வேண்டாம், ரோலிங் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். கார்டு தொலையும், பட்டை புடவையோடு லாண்டரிக்கே போகும். வீட்டில் துவைக்கும் முறை: பச்சைத் தண்ணீர், ஒரு மூடி ஷாம்பு அல்லது பூந்திக்கொட்டைத் தண்ணீர், ஊறவிடாமல் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, பின்பக்கமாக இஸ்திரி. மடிக்கும்போது நிறத்தின் மேல் நிறம் படாமல் இடையில் மல் துணி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும்.

11. கஸ்டமர் என் நகையைப் போட்டு எடுத்த போட்டோவ என் பக்கத்துல போட்டுக்கலாமா? அவங்களே டேக் பண்ணியிருந்தாங்க.

கேட்டுவிட்டுப் போடுங்கள். டேக் செய்வது உங்களைப் பாராட்ட. அவர் முகத்தை விளம்பரத்துக்குக் கொடுத்ததாக அர்த்தமில்லை. அதோடு, படத்தின் பதிப்புரிமையில் நகை செய்த உங்களுக்குப் பங்கில்லை. கல்யாணப் படமாக இருந்தால் எடுத்த ஸ்டுடியோவின் பெயரையும் கேட்டுப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி போதும்: "அக்கா, இந்தப் படத்தை எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மட்டும் போட்டுக்கொள்ளலாமா? முகம் மறைக்க வேண்டுமா? பெயர் போடலாமா? எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுகிறோம்." பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழந்தைகள் இருக்கும் படம் என்றால் நகையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

12. நான் செஞ்ச ஆரத்தைப் பிரிச்சு, டாலரை மட்டும் எடுத்து பிளாஸ்டிக் மணியோட கோத்துப் போட்டிருக்காங்க. மனசு கஷ்டமா இருக்கு. கேக்கலாமா?

கஷ்டம் புரிகிறது. ஒரு டாலருக்கு எத்தனை மணிகளை உருட்டித் தள்ளிப் பொருத்தம் பார்த்தோம் என்பது நமக்குத்தான் தெரியும். ஆனாலும் அவர் தன் கழுத்துக்குப் போட்டுக்கொள்வது வரை ஒன்றும் கேட்க வேண்டாம். 57ஆம் பிரிவு எல்லா மாற்றத்தையும் தடுப்பதில்லை. செய்தவரின் மதிப்புக்கும் பெயருக்கும் கெடுதல் வரும் மாற்றத்தைத்தான் தடுக்கிறது. இந்தப் பிரிவில் பெரிய வழக்கு, தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்து எடுத்ததைப் பற்றியது. தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. தேசத்தின் முக்கியமான கட்டடத்தில் எல்லோரும் பார்த்த படைப்பு அது. வீட்டுக்குள் மாற்றிக் கோத்த மாலையை அதோடு ஒப்பிட முடியாது.

கேட்க வேண்டிய இடம் வேறு. மாற்றிக் கோத்ததை உங்கள் பெயர் சொல்லி விற்றாலோ, கண்காட்சியில் வைத்தாலோ, "என் பெயரை எடுத்துவிடுங்கள், அல்லது யார் மாற்றியது என்று சேர்த்து எழுதுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால், ஏன் பிரித்தார் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். பாரம் தாங்கவில்லை, நீளம் போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். பிரித்த மணிகளை வாங்கி, இலேசான மாலையாக நீங்களே கோத்துக் கொடுக்கலாம்.

13. ஆசையா வாங்கினவங்க ஒரு தடவைகூட போடல. யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாங்களாம்.

அவர் இஷ்டம். படைப்பைக் காட்சிக்கு வைக்கவில்லை, செய்தவர் விரும்பியபடி வைக்கவில்லை என்பது உரிமை மீறல் ஆகாது என்று 57ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. புதிதாகக் கையில் வைத்திருப்பவர் பழுதுக்கு வந்தால், கார்டில் உள்ள எண் போதும். முதலில் வாங்கியவர் யார் என்று கேட்காமல் செய்துகொடுங்கள்.

14. ஆர்டர் குடுத்து செய்ய வெச்சாங்க. இப்ப "இதே டிசைன் வேற யாருக்கும் செய்யக் கூடாது"ன்னு சொல்றாங்க. அவங்க சொல்றது செல்லுமா?

இங்கே நகையும் புடவையும் பிரிகின்றன. பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து வரையச் செய்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். ஆகவே ஆர்டரின் பேரில் புடவையில் வரைந்த ஓவியத்தை மறுபடி வரையக் கூடாது என்று அவர் சொன்னால் அதில் பலம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நகை இல்லை. ஆர்டரின் பேரில் செய்த டெரகோட்டா நகையின் உரிமை, எழுதிக் கொடுக்காதவரை உங்களுடையது.

இதைத் தவிர்க்க, முன்பணம் வாங்கும்போதே ஒரு செய்தி அனுப்பி அவரிடம் "சரி" வாங்குங்கள்: "இந்த ஓவியத்தின் பதிப்புரிமை எங்களிடம் இருக்கும். இதே நிற அமைப்பில் இன்னொன்று ஒரு வருடம் செய்ய மாட்டோம்." யாருக்குமே செய்யக் கூடாது என்று அவர் விரும்பினால் அதற்குத் தனி விலை சொல்லி, தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 19ஆம் பிரிவு அதை ஐந்து வருடமாக எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுக்க என்று ஆகும்.

15. ஒரு பொட்டீக் மொத்தமா வாங்கி, என் பேரை எடுத்துட்டு அவங்க லேபிள் ஒட்டி விக்கிறாங்க. விலை மூணு மடங்கு!

விலை அவர்கள் இஷ்டம், அதைக் கேட்க முடியாது. லேபிள் விஷயத்தைப் பில்லிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். "செய்தவர் பெயர் கொண்ட அட்டையுடன் மட்டுமே விற்க வேண்டும்" என்று ஒரு வரி, அல்லது "கடை லேபிளில் விற்கலாம்" என்று ஒரு வரி, அதற்கேற்ற விலை. இரண்டும் நேர்மையான வியாபாரம்தான், எது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால். அட்டை கழன்றாலும் பெயர் போகாமலிருக்க, மண் தோல் பதத்தில் (பாதி காய்ந்து) இருக்கும்போதே பின்பக்கம் உங்கள் முத்திரையை அழுத்துங்கள். சுட்ட பின் எழுதினால் சுரண்டிவிடலாம்.

நாம் உடனே தலையிட வேண்டியது, பொருளைப் பற்றித் தப்பாகச் சொல்லி விற்கும்போது. அக்ரிலிக்கில் வரைந்த புடவையைக் "கலம்காரி" என்று ஒரு கடை எழுதினால் விடாதீர்கள். கலம்காரி என்பது துணியைக் கடுக்காயில் பதப்படுத்தி, இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பில் கோடு இழுத்து, படிகாரம் வைத்து நிறமேற்றும் வேறொரு தொழில். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்கும் நம் கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பொய் லேபிளால் கெடுவது அந்தக் கலைஞர்களின் பிழைப்பும் உங்கள் பெயரும். "கையால் வரைந்த, துணி நிறம்" என்று திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

16. என் டிசைனை அப்படியே காப்பி அடிச்சு விக்கிறாங்க. கேஸ் போட முடியுமா?

முதலில் எது உங்களுடையது என்று பிரித்துப் பாருங்கள். மாங்காய், அன்னம், லட்சுமி டாலர், ஜிமிக்கியின் குடை வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் சேர்த்த விதம், கோடு, அடுக்கு ஆகியவற்றில் புதிதாக இருப்பதற்குத்தான் உரிமை கேட்க முடியும்.

அடுத்தது ஐம்பது என்ற எண். பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தகுந்த ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும். இந்தக் காரணத்தால் தில்லி உயர் நீதிமன்றத்தில் 2016இல் ரித்திகா நிறுவனம் பீபாவுக்கு எதிரான ஆடை வடிவ வழக்கில் தோற்றது. கையால் செய்வது தொழில்முறையா என்று வாதாடலாம்தான். ஆனால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் கைவேலையையும் சேர்த்தே பேசுகிறது. அச்சில் அழுத்தி நூறு டாலர் எடுப்பவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றையாகச் செய்யும் நகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிறைய விற்கப்போகும் வடிவத்தைப் பதிவு செய்யலாம். முதலில் பத்து வருடம், பிறகு ஐந்து வருடம் நீட்டிப்பு. ஆனால் வெளியில் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டுவிட்டால் அது புதியதல்ல என்று ஆகிவிடும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். காப்பியைக் கண்டதும் செய்ய வேண்டியது: தேதியோடு ஸ்கிரீன்ஷாட், முடிந்தால் ஒன்றை வாங்கிப் பில்லோடு வைப்பது, உங்கள் பதிவேட்டுப் பக்கம், வரைபடம், பிறகு நிதானமான ஒரு கடிதம். ஊரறியத் திட்டுவதை அதற்கு முன் செய்யாதீர்கள்.

17. நான் எட்டாயிரத்துக்கு வித்த புடவை இருபதாயிரத்துக்குக் கைமாறிச்சாம். எனக்குப் பங்கு உண்டா?

அபூர்வமாக வரும் கேள்வி, ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவுப்படி, மூல ஓவியம், சிற்பம், வரைபடம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், முதல் உரிமையாளராக இருந்த கலைஞருக்கு அந்த விலையில் பங்கு உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். நகை அந்தப் பட்டியலில் இல்லை. புடவையில் வரைந்தது ஓவியம்தான் என்று நீங்கள் நிறுவ வேண்டியிருக்கும். ஆர்டரின் பேரில் வரைந்ததென்றால் 14ஆம் பதிலில் சொன்னபடி முதல் உரிமையே உங்களுடையதாக இல்லாமல் போயிருக்கலாம்.

18. கண்காட்சி வருது. பழைய கஸ்டமர்கிட்ட நகையை இரவல் கேக்கலாமா?

கேளுங்கள், பலர் சந்தோஷமாகத் தருவார்கள். ஆனால் இரவல் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். நகையின் எண், வாங்கும் நாளின் நிலை (ஏற்கெனவே உள்ள கீறல் உட்பட நான்கு படம்), திருப்பித் தரும் தேதி, தொலைந்தாலோ உடைந்தாலோ தரும் தொகை, உரிமையாளர் பெயரைப் போடலாமா வேண்டாமா. யாரும் தொட்டுப் பார்க்கும் மேசையில் வைக்காதீர்கள். "இது இரவல், விற்பனைக்கல்ல" என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த நகை இப்போது இன்னொருவர் சொத்து. அதற்கு ஒரு புதுக் கோட் வார்னிஷ் அடித்து அழகாக்குவதற்குக்கூட அவரைக் கேட்க வேண்டும்.

19. உடம்பு முடியல, தொழிலை நிறுத்தப்போறேன். வித்ததுக்கெல்லாம் யார் பொறுப்பு?

ஒரே நாளில் போனை அணைத்துவிடாதீர்கள். மூன்று மாதம் முன்னதாக எல்லா வாடிக்கையாளர்களுக்கும் "பழுது ஏதாவது இருந்தால் இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு வருவதைச் செய்துதர ஒத்துக்கொள்ளும் இன்னொரு கலைஞரைப் பேசி, அவர் எண்ணைக் கொடுங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியவை: பதிவேட்டின் நகல், தவணைத் தகடுகள், எண் ஒட்டிய மணிக் கவர்கள். வாடிக்கையாளர்களின் போன் எண்களை அவர்கள் சம்மதமில்லாமல் கொடுக்க வேண்டாம்.

அச்சுகள் விஷயத்தில் தெளிவாக இருங்கள். பழுதுக்கு மட்டும் பயன்படுத்தலாமா, புதிதாகச் செய்து விற்கலாமா, விற்றால் யார் பெயரில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிப்புரிமை உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் வீட்டாரிடம் நிற்கும். அந்தத் தாள் எந்த டிராயரில் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்முத்திரைக் கட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அதை வேறொருவர் அழுத்தினால், நீங்கள் செய்யாத நகை உங்கள் பெயரில் வெளியே போகும்.